கலயத்திலிருந்து குவாட்டருக்கு: கொங்கு நாட்டில் குடியும் கட்டுப்பாடும்

கொங்கு நாட்டின் குடி வரலாறு பனையிலிருந்து தொடங்குகிறது. கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் வட்டாரங்களின் மேட்டு நிலங்களில் வரப்பிலும் வேலியோரத்திலும் தண்ணீர் கேட்காமல் வளர்ந்த மரம் அது. வாய்க்கால் பாசனம் உள்ள இடங்களிலும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கமும் தென்னை அந்த இடத்தைப் பிடித்தது. மரமேறி காலையும் மாலையும் ஏறி, பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் கிடைப்பது தெளுவு. பிற பகுதிகளில் பதநீர் என்பது கொங்கில் தெளுவுதான். சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் அதே சாறு கள்ளாகிறது. காற்றிலும் பழைய கலயத்தின் சுவரிலும் இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்களே இதற்குப் போதும். வேறு எதையும் சேர்க்க வேண்டியதில்லை. சாறு சொட்டத் தொடங்கும்போதே நொதித்தலும் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் அதன் ஆல்கஹால் அளவு நூற்றுக்கு நாலைந்து பங்கை எட்டும். மறுநாள் புளித்துக் காடியாகும்.

இந்த வேதியியலுக்குள்ளேயே சில கட்டுப்பாடுகள் இருந்தன. கள் வீரியம் குறைந்தது. சேர்த்துவைக்க முடியாதது. பனங்கள் ஆண்டில் சில மாதங்களே கிடைப்பது. ஒரு லிட்டர் கள்ளில் 32 முதல் 40 கிராம் வரை ஆல்கஹால் இருக்கலாம். அதை உள்ளே தள்ளுவதற்குள் வயிறு நிறைந்துவிடும். குடித்தவர் காட்டு வழியே நடந்து வீடு திரும்பினார். தடுமாறினால் வாய்க்காலில் விழுவார், அதிகம் போனால் கிணற்றுப் பயம். இதனால் அது பொற்காலமாகிவிடாது. அன்றும் கூலியைக் கடையில் தொலைத்தவர்கள் உண்டு, அடி வாங்கிய மனைவிமார் உண்டு, கடன் உண்டு. யார் எங்கே உட்கார்ந்து குடிப்பது என்பதைச் சாதி முடிவு செய்தது. ஆனால் மனித உடல் ஒரு மணி நேரத்தில் சமாளிக்கக்கூடிய அளவுக்கும் கலயம் தரக்கூடிய அளவுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கவில்லை. பிற்கால வரலாறு முழுவதும் அந்த இடைவெளி விரிந்த கதைதான்.

சங்க இலக்கியத்தில் கள், நறவு, தேறல், தோப்பி எனக் குடிவகைகள் பல வருகின்றன. தோப்பி அரிசியில் ஆக்கியது. கொங்கின் வடகிழக்கு விளிம்பிலுள்ள தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் புறநானூற்றின் 235-ஆம் பாட்டு. அரசனின் பெருந்தன்மைக்கு அவர் காட்டும் முதல் சான்றே, கள் குறைவாகக் கிடைத்தபோதும் மிகுதியாகக் கிடைத்தபோதும் அவன் அதை எப்படிப் பகிர்ந்தான் என்பதுதான். குடி அன்று தனியாள் செயலாக இல்லாமல் விருந்தோம்பலின் பகுதியாக இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவும் அதே நூலில் பேசப்படுகிறது. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கொடுமணல், கரூர் நோக்கிச் சென்ற வணிகப் பாதை கொங்கு நடுவேதான் சென்றது. வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகள் அந்தப் போக்குவரத்தின் மிச்சம்.

வழிபாட்டிலும் குடிக்கு இடம் இருந்தது, இன்றும் இருக்கிறது. முனியப்பன், கருப்பராயன், மதுரை வீரன் முதலிய காவல் தெய்வங்களுக்குச் சாராயமும் சுருட்டும் படைப்பது கொங்குக் கிராமங்களில் வழக்கம். கெடா வெட்டும் நோம்பியும் ஊர் கூடும் நாள்கள். அன்று யார் எவ்வளவு குடித்தார் என்பது ஊருக்கே தெரியும். அளவு மீறியவரை உறவுக்காரரே தோளில் தாங்கிக் கொண்டுபோய்த் திண்ணையில் கிடத்துவார்கள். சட்டம் நுழையாத காலத்தின் பாதுகாப்பு ஏற்பாடு ஏறக்குறைய இதுவே.

அரசு இதில் தலையிட்டது பிறகுதான். 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் கோவைப் பகுதி மைசூர் ஆட்சியில் இருந்தது. திப்பு சுல்தான் தம் ஆட்சிப் பகுதியில் மதுவை முற்றாக ஒழிக்க விரும்பினார். 1787-இல் தம் அமைச்சர் மீர் சாதிக்குக்கு எழுதிய கடிதத்தில், வருவாய் இழப்பைப் பார்க்காமல் இதைச் செய்ய வேண்டும் என்னும் கருத்தைக் காண முடிகிறது. ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின் ராஜாஜி எதிர்கொண்ட அதே கேள்வி: கஜானாவா, குடிமக்களா? திப்பு 1799-இல் வீழ்ந்ததும் கோவை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே இவ்வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் இப்பகுதியின் பனைகளைப் பற்றியும் சாறு இறக்குவோரைப் பற்றியும் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார்.

கம்பெனி ஆட்சிக்கு மது என்றால் வரி. சாராயம் காய்ச்சவும் கள் விற்கவும் உரிமையை ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை மீட்க எவ்வளவு விற்க முடியுமோ அவ்வளவு விற்றார். 1886-ஆம் ஆண்டின் மதராஸ் ஆப்காரிச் சட்டம் இந்த ஏற்பாட்டுக்கு முறையான வடிவம் கொடுத்தது. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வரி, கடைக்கு உரிமக் கட்டணம், சாராயத்துக்குத் தீர்வை என மூன்று பக்கமிருந்தும் பணம் வந்தது. 1930-களில் மதராஸ் மாகாண வருவாயில் ஏறத்தாழக் கால் பங்கு மதுவிலிருந்து கிடைத்தது. ஊருக்குள் யாரோ ஒருவர் தோட்டத்தில் கலயம் கட்டி விற்ற காலம் முடிந்து, எண்ணிட்ட கடையும் குத்தகைதாரரும் வந்தார்கள். ஸ்டேன்ஸ் மில் 1888-இல் தொடங்கி, 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தபின் கோவையில் பஞ்சாலைகள் பெருகியபோது, கையில் ரொக்கக் கூலியோடு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஒரே இடத்தில் சேர்ந்தார்கள். குத்தகைதாரர்களுக்கு இதைவிட நல்ல சந்தை கிடைத்திருக்காது. வெள்ளை அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் கிளப்புகளில் விஸ்கி அருந்தினார்கள். அது எந்த ஆப்காரி அதிகாரியின் கவலையாகவும் இருக்கவில்லை.

தேசிய இயக்கம் குடியைக் கையிலெடுத்தபோது அதன் பெரிய களங்களில் ஒன்று ஈரோடு. ஒத்துழையாமை இயக்கத்தின் பகுதியாக 1921-இல் அங்கு கள்ளுக்கடை மறியல் நடந்தது. ஈ.வெ.ராமசாமி தலைமை தாங்கினார். சேலம் தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான தோப்பில் கள்ளுக்கு விடப்பட்டிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை அவர் வெட்டிச் சாய்த்ததை எல்லா வாழ்க்கை வரலாறுகளும் சொல்கின்றன. அவர் கைதானதும் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலை நடத்தினார்கள். மறியலை நிறுத்தச் சொல்லிக் கேட்டவர்களிடம், அது தம் கையில் இல்லை, ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக வழங்கும் செய்தி புகழ்பெற்றது. குடும்பத்துப் பெண்கள் பொதுத் தெருவில் கள்ளுக்கடைக்கு முன்னால் நின்றது அந்தக் காலத்துக்குச் சிறிய காரியம் அல்ல. பின்னாளில் இதே பெரியார் கட்டாய மதுவிலக்கைக் கடுமையாக எதிர்த்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

காவிரியின் மறுகரையில் வேறொரு முயற்சி நடந்தது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர் நூற்பும் தீண்டாமை ஒழிப்பும் அங்கு நடந்த பணிகள். சுற்றுக் கிராமங்களைக் குடியிலிருந்து மீட்பது இன்னொன்று. அதற்காகவே 1929-இல் ‘விமோசனம்’ என்ற மாத இதழ் அங்கிருந்து வெளியானது. மதுவிலக்குக்கென்று மட்டும் ஓர் இதழ். ராஜாஜி ஆசிரியர், துணை ஆசிரியர் கல்கி கிருஷ்ணமூர்த்தி. பத்து இதழ்களோடு அது நின்றுபோனாலும், படமும் கதையும் பாட்டுமாகக் குடியின் கேட்டை எளிய மக்களிடம் கொண்டுசென்ற விதத்தில் அதற்கு இணை அன்று இல்லை. தமிழ் இதழியலின் பெரும் வாசகர் கூட்டத்தைப் பின்னர் உருவாக்கிய கல்கியின் எழுத்துப் பயிற்சியில் குடிக்கு எதிரான பிரசாரத்துக்கும் பங்கு உண்டு என்பது சுவையான செய்தி.

1937 ஜூலையில் ராஜாஜி மாகாணப் பிரதமரானார். அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அன்றைய சேலம் மாவட்டம் பெரியது. நாமக்கல், திருச்செங்கோடு, தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதில் அடக்கம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்கள் சேர்க்கப்பட்டன. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இன்று கடைக்காரர் ரசீதில் வரி என்று போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பூர்வீகம் சேலத்தின் மூடிய கள்ளுக்கடைகளில் இருக்கிறது. சேலம் பரிசோதனையில் பூகோளத்தின் குறும்பும் உண்டு. காவிரியின் கிழக்குக் கரையிலுள்ள பள்ளிபாளையம் சேலம் மாவட்டம். ஆற்றைக் கடந்தால் ஈரோடு, அது கோவை மாவட்டம். சட்டம் ஆற்றின் நடுவில் நின்றது.

காங்கிரஸ் அமைச்சரவை 1939-இல் பதவி விலகியது. போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. போருக்குப் பின் படிப்படியாக மீண்டு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் பரவியது. அடுத்த 23 ஆண்டுகள் கோவையில் சட்டப்படி கடை கிடையாது. பணமும் மருத்துவச் சான்றும் உள்ளவருக்குப் பெர்மிட் இருந்தது. மற்றவர்களுக்கு ஊறல்.

ஊறல் என்பது வெல்லத்தையும் வேலம்பட்டையையும் தண்ணீரில் போட்டுப் பானையில் மூடி, ஓடைக்கரையிலோ புதருக்கடியிலோ புதைத்துவைத்து நொதிக்கவிடுவது. பல நாள் கழித்து எடுத்துக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துச் சொட்டவிட்டால் பட்டைச் சாராயம். பவானி ஆற்றங்கரைக் காடுகளும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரமும் இதற்கு வசதியான இடங்கள். காவலர்கள் பானையை உடைத்து ஊறலைத் தரையில் கொட்டும் படம் நாளிதழ்களில் இன்றுவரை மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. நகரங்களில் வழி வேறு. மருந்துக்கடையில் இஞ்சி டிங்க்சர் வாங்கிக் குடித்தார்கள். மர வேலைக்கான வார்னிஷையும் குடித்தார்கள்.

உயிர்ப்பலிகள் இங்கிருந்துதான் வருகின்றன. வெல்லத்தை நொதிக்கவைத்துக் காய்ச்சும்போது உருவாவது எத்தனால். அதில் மெத்தனால் மிகச் சிறிதளவே இருக்கும். கூட்டமாக மனிதர்கள் சாகும் ஒவ்வொரு நிகழ்விலும் காரணம் வேறு: தொழிற்சாலை மெத்தனாலை விலை குறைவு, போதை கூடும் என்று யாரோ கலந்திருப்பார்கள். கண்ணுக்கும் நாக்குக்கும் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. உடலுக்குள் போன மெத்தனாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது, இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. 10 மில்லி பார்வையைப் பறிக்கலாம். 30 மில்லி உயிரை எடுக்கலாம். கொடுமை என்னவென்றால் இது உடனே தெரிவதில்லை. குடித்தவர் வீட்டுக்கு வந்து தூங்கி, 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலி, வாந்தி, கண்ணில் பனிமூட்டம் போன்ற மங்கல் எல்லாம் தொடங்கும். அதைச் சாதாரணத் தலைவலி என்று நினைத்துப் படுத்தே கிடந்தவர்கள்தான் இறந்தவர்களில் பலர். நேரத்தில் மருத்துவமனை சேர்ந்தால் ஃபோமெபிசோல் மருந்தோ, மருத்துவக் கண்காணிப்பில் எத்தனாலோ கொடுத்து அந்த மாற்றத்தைத் தடுக்கலாம். டயாலிசிஸ் செய்து நஞ்சை வெளியேற்றலாம். பண்ருட்டிப் பகுதியில் 2001-இல் ஐம்பதுக்கும் மேற்பட்டோரும், கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 65-க்கும் மேற்பட்டோரும் இறந்தது இப்படித்தான். கள்ளக்குறிச்சியில் பாதிக்கப்பட்டவர்களில் பலர் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இந்தியாவின் முதல் சில மதுவிலக்கு மாவட்டங்களுள் ஒன்றின் தலைநகரம், 87 ஆண்டுகள் கழித்து, விஷச்சாராய நோயாளிகளுக்குப் படுக்கை தேடியது.

1971 ஆகஸ்டில் மு.கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. தொண்ணூறைக் கடந்த ராஜாஜி முதல்வரின் வீட்டுக்கே சென்று வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், பலனில்லை. அவர் 1972 டிசம்பரில் மறைந்தார். 1973-இல் கள்ளுக்கடைகளும் 1974-இல் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. 1981-இல் எம்.ஜி.ஆர். அரசு மீண்டும் திறந்தது. 1987 ஜனவரியில் அதே அரசு கள்ளையும் சாராயத்தையும் தடை செய்தது. சீசாவில் அடைத்த ‘இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மது’ மட்டும் தொடர்ந்தது. 1990-இல் மலிவு விலை மது வந்தது, 1991-இல் ஜெயலலிதா பதவியேற்றதும் போனது. இருபது ஆண்டுக்குள் இத்தனை திருப்பங்கள். திறந்தபோதும் மூடியபோதும் விவாதம் கடையைப் பற்றியதாகவே இருந்தது. குடிப்பவர் எவ்வளவு குடிக்கிறார், எப்படி வீடு போகிறார் என்பதை எந்த அரசும் கொள்கையாகப் பேசவில்லை. 1987-இல் விழுந்த கோடு மட்டும் அழியாமல் நின்றது. வீரியம் குறைந்த கள் குற்றமாயிற்று. அதைப்போல எட்டு முதல் பத்து மடங்கு வீரியமுள்ள பிராந்தியும் ரம்மும் சட்டப்படியான சரக்காயின.

1983-இல் மொத்த விற்பனைக்காக உருவான தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. தனியார் ஏலம் முடிவுக்கு வந்தது. அரசு ஊழியரே கம்பிக்குப் பின்னால் நின்று சீசாவை நீட்டும் ஏற்பாடு இது. இதற்கு அதிகாரம் தருவது 1937-இல் மதுவை ஒழிக்க இயற்றிய அதே மதுவிலக்குச் சட்டம், திருத்தங்களோடு. 2003-04-இல் சுமார் ரூ.3,639 கோடியாக இருந்த மது வருவாய் 2023-24-இல் ரூ.45,855 கோடியைத் தொட்டது.

டாஸ்மாக் காலத்தின் அடிப்படை அலகு குவாட்டர். 180 மில்லி சீசா, 42.8 விழுக்காடு வீரியம். கணக்குப் போட்டால் அதில் 77 மில்லி, எடையில் 61 கிராம் தூய ஆல்கஹால். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் கள்ளில் உள்ளது ஒரு சட்டைப்பையில் அடங்கிவிட்டது. வளர்ந்த மனிதரின் கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, காப்பி, தலையில் தண்ணீர் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. எனவே ஒரு குவாட்டர் முழுதும் உடலைவிட்டு நீங்க ஆறு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்கு முடித்தவர் விடியற்காலை நான்கு மணி ஷிப்டுக்கு வண்டியை எடுக்கும்போதும் போதையிலிருந்து முழுதாக விடுபட்டிருக்க மாட்டார்.

குடிக்கும் விதமும் மாறியது. பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் கடை. மூடுவதற்குள் வாங்க வேண்டும் என்ற அவசரம். திருப்பூர் பனியன் தொழிலில் சனிக்கிழமை வாரக் கூலி நாள். அன்று மாலை கடை முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே நகரின் பொருளாதாரம் புரியும். கையில் பணம் குறைவானவர் கூட்டாளியோடு பங்கு போட்டு 90 மில்லி ‘கட்டிங்’ வாங்கி, பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஊறுகாயை நக்கிக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு நடையைக் கட்டுவார். பாருக்குள் உட்கார்ந்தால் சுண்டலோ முட்டையோ உண்டு. வெறும் வயிற்றில் போன மது இரைப்பையில் தங்காமல் சிறுகுடலுக்கு இறங்கி விரைவாக இரத்தத்தில் கலக்கிறது. வயிற்றில் உணவு இருந்தால் அந்த வேகம் குறையும். நாள் முழுக்க வார்ப்படப் பட்டறையில் வியர்வை சிந்தியவருக்கு உடலில் நீரும் குறைவு. வெயில், பசி, அவசரம், வீரியம் நான்கும் ஒரே டம்ளரில் சேர்வது கொங்குத் தொழில் நகரங்களுக்கே உரிய ஆபத்து.

இதோடு இன்னொன்று சேர்ந்தது: இரு சக்கர வாகனம். மரத்தடியிலிருந்து நடந்து போனவரின் பேரன் பைக்கில் போகிறான். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவில் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்று வரம்பு வைத்திருக்கிறது. 1967-இல் ஊதிப் பார்க்கும் கருவியைச் சாலைக்குக் கொண்டுவந்த பிரிட்டன் வைத்த வரம்பு 80; அந்த வகையில் இந்தியச் சட்டம் கண்டிப்பானது. 60 கிலோ எடையுள்ள ஓர் ஆண் ஒரு குவாட்டரை விரைவாகக் குடித்தால் அவர் இரத்தத்தில் அளவு ஏறத்தாழ 150 வரை போகும், சட்ட வரம்பைப்போல ஐந்து மடங்கு. கட்டிங் மட்டும் போட்டவரும் வரம்பைப்போல இரண்டு மடங்கைத் தாண்டிவிடுவார். ‘ஒரு கட்டிங்தானே’ என்று சாவியைத் திருகுவது சட்டத்தின் கணக்கிலும் உடலின் கணக்கிலும் தவறு. அந்த அளவில் எதிரே வரும் விளக்கின் தூரத்தைக் கணிப்பதும் பிரேக்கைப் பிடிக்கும் வேகமும் ஏற்கெனவே பழுதாகியிருக்கும். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கு ரூ.10,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. மறுபடி சிக்கினால் ரூ.15,000 அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ.

அவிநாசி சாலையிலும் திருச்சி சாலையிலும் வார இறுதி இரவுகளில் காவலர்கள் கருவியோடு நிற்பது இன்று கோவைக்காரர்களுக்குப் பழகிய காட்சி. ஓட்டுநரைப் பிடிப்பதோடு நிற்காமல் விற்பவரையும் பொறுப்பாக்கும் திசையில் 2024-இல் கோவை மாநகரக் காவல்துறை ஓர் அடி எடுத்துவைத்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டும் நிலையில் வரும் வாடிக்கையாளரை அப்படியே அனுப்பாமல், வீடு சேர வாகனமோ ஓட்டுநரோ ஏற்பாடு செய்ய வேண்டும் என்று பார்களையும் கிளப்களையும் அது அறிவுறுத்தியது. குடிக்க வந்தவரின் பாதுகாப்புக்கும் குடியை விற்றவருக்கும் தொடர்பு உண்டு என்று அரசுத் தரப்பு வெளிப்படையாகச் சொன்னது இந்த வரலாற்றில் மிகத் தாமதமாக வந்த வரி. ஆனால் அது முதலில் எட்டுவது நட்சத்திர ஓட்டல்களை. டாஸ்மாக் கடையில் வாங்கிப் புதர் மறைவில் குடிப்பவரை வீட்டில் விட எவரும் இல்லை.

கள்ளின் கதை முடியவில்லை. 1990-களின் இறுதியில் ஈரியோபைட் சிலந்தி தென்னையைத் தாக்கி, காய் சிறுத்து, விலையும் விழுந்தபோது பொள்ளாச்சி, ஈரோட்டு விவசாயிகளின் பார்வை மறுபடி பாளையின் பக்கம் திரும்பியது. செ.நல்லசாமியை ஒருங்கிணைப்பாளராகக் கொண்ட தமிழ்நாடு கள் இயக்கம் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து எழுந்தது. கள் உணவின் பகுதி, அதற்குத் தடை கூடாது என்பது அதன் வாதம். அரசு 2017-இல் தென்னை நீரா இறக்க வழிவிட்டது. நீரா நொதிக்காத சாறு. குளிர்ச்சி குலையாமல் காக்க வேண்டியிருப்பதால் சிறு விவசாயிக்கு அது எளிதாகக் கைகூடவில்லை. கள்ளுக்குத் தடை தொடர்கிறது. கோவையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எட்டும் கேரளத்து வேலந்தாவளத்திலும் சித்தூரிலும் அம்மாநில அரசின் உரிமத்தோடு கள்ளுக்கடைகள் இயங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் அங்கே வரிசையாக நிற்கும். பள்ளிபாளையத்துக்காரர் ஆறு கடந்த அதே வழக்கம். குடித்த பின் திரும்ப வேண்டிய தூரம்தான் கூடியிருக்கிறது. கள் வீரியம் குறைந்தது என்பதால் கேடற்றது என்றும் ஆகாது. இரண்டு மூன்று லிட்டர் குடித்தால் கணக்கு குவாட்டரைத் தாண்டிவிடும். எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்கு முற்றிலும் தீங்கற்றது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது கள்ளுக்கும் பொருந்தும்.

கடைக்கு எதிரான மறியலும் ஓயவில்லை. சேலத்தைச் சேர்ந்த காந்தியவாதி சசிபெருமாள், கடை ஒன்றை அகற்றக் கோரி 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்தில் செல்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது இறந்தார். நெடுஞ்சாலைக் கடைகளை மூடச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததும், அவற்றை ஊருக்குள் மாற்றும் முயற்சி நடந்தது. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அதை எதிர்த்துத் திரண்ட பெண்களில் ஒருவரைக் காவல் அதிகாரி அறைந்த காட்சி நாடு முழுவதும் பரவியது. ஈரோட்டில் அதற்கு 96 ஆண்டுகளுக்கு முன் கடை வாசலில் நின்றவர்களும் பெண்களே. அண்மைக் காலத்தில் வயல்களில் உடைந்து கிடக்கும் சீசாக்கள் புதிய குறையாயின. உயர் நீதிமன்றம் சொன்னபின் 2022-இல் நீலகிரியில் காலி சீசாவைத் திருப்பித் தந்தால் ரூ.10 என்ற திட்டம் தொடங்கி, பின்னர் கோவைக்கும் வந்தது. உழவரின் கால் பிழைக்க வழி பிறந்தது.

தமிழ்நாட்டில் மது வாங்கக் குறைந்த வயது இன்று 21. அளவு மீறிக் குடித்து, தட்டி எழுப்பியும் எழாதவரை மல்லாக்கக் கிடத்தக்கூடாது; வாந்தி மூச்சுக்குழலை அடைக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தனியே விடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். குடித்த மறுநாள் கண் மங்கினால் அது கள்ளச்சாராய நஞ்சின் அறிகுறி, காத்திருக்கக்கூடாதது. பல ஆண்டுகள் விடாமல் குடித்தவர் ஒரே நாளில் தாமாக நிறுத்துவதிலும் வலிப்பு, மனக்குழப்பம் வரும் ஆபத்து உண்டு. அவருக்கு மருத்துவர் துணை வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் குடிநோய்க்குச் சிகிச்சை கிடைக்கிறது. போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. கள்ளச்சாராயம் பற்றித் தகவல் தர 10581.